நாற்பத்தோராம் நாள் ஊதும் சங்கு

"மூணும் செத்துப் போச்சு சார்" என்று சொல்லி, அந்தப் பெண் ஒரு கைக்குட்டை முடிச்சை மேசைமேல் வைத்தாள்.

நான் மெதுவடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். செத்ததை மூட்டை கட்டி எதிரில் வைத்தால் வடை எப்படி ஐயா தொண்டையில் இறங்கும்? பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். முடிச்சுக்குள் மூன்று பென் டிரைவ். நீலம், கறுப்பு, சிவப்பு.

"அல்லா காப்பாத்தினான். நான் பூனைக்குட்டின்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"சுலைமான், வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு" என்றார் ஏட்டம்மா.

ஏட்டம்மா என்றால் தாயம்மாள். இருபத்திரண்டு வருஷம் காவல்துறையில் இருந்து, ஏட்டாகி, ஒரு நாள் 'போதும்டா சாமி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில் 'தாயம்மாள் துப்பறியும் நிலையம்' நடத்துகிறார். நான் சுலைமான். அம்பத்தூர் ஓ.டி.யில் மொபைல் ரிப்பேர் கடையில் இருந்தவன். ஆறு வருஷமாக இவருக்கு உதவியாளர். சாமான்களை நான் விசாரிப்பேன், மனுஷர்களை அவர் விசாரிப்பார். சம்பளம் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் யாரையும் விசாரிப்பதில்லை.

வந்த பெண்ணின் பெயர் ஷைலா. ஆவடி சேக்காட்டில் வீடு. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கண்ணுக்குக் கீழே இரண்டு ராத்திரியின் கறுப்பு இருந்தது.

"எங்கம்மா ஞானகுமாரி. போன வருஷம் ஆகஸ்ட் பத்தாம் தேதி தவறிட்டாங்க. கேன்சர். கடைசி ரெண்டு மாசம் போன்ல பேசிப் பேசிப் பதிஞ்சு வச்சாங்க மேடம். பாட்டு, ஜெபம், மீன் குழம்பு வைக்கிற பக்குவம், எனக்கு நாலு திட்டு. மொத்தம் நாப்பத்தொண்ணு. அம்மா போன் அப்புறம் தண்ணியில விழுந்து போச்சு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரர் நீல டிரைவ்ல ஏத்தி, அதுலேர்ந்து கறுப்புக்கும் சிவப்புக்கும் காப்பி எடுத்து வச்சிருந்தார்."

"யார் கையில கெட்டுது?"

"எங்கப்பா கையில. மார்ச் மாசத்தோட ரிட்டயர் ஆனார். பொழுது போகட்டும்னு இவர்தான் நீல டிரைவையும் ஒரு பழைய லேப்டாப்பையும் குடுத்தார். கொஞ்ச நாள்ல டிரைவ் போச்சு. கறுப்பு குடுத்தோம், அதுவும் போச்சு. முந்தாநாள் சிவப்பு. சொருகினா, 'ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு கேக்குது."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ உயிர் கீது. யார் இன்னா சொன்னாலும் அந்த பட்டன்ல மட்டும் கை வெக்காதீங்க."

ஷைலாவின் உதடு துடித்தது. "அப்பா அவரைத்தான் சொல்றார் மேடம். ஜெர்வினை. 'அவன் குடுத்தது மூணு, மூணும் போச்சு, வேணும்னே உள்ள ஏதோ வச்சுக் குடுக்கறான்'னு. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு வருஷப் பூசை. பூசை முடிஞ்சு கல்லறையில மாலை போட அவன் வரக் கூடாது, அன்னைக்கே நாங்க இருக்கற மாடியைக் காலி பண்ணிடணும்னுட்டார். நாங்க ஆர்.சி., அவர் சி.எஸ்.ஐ. லவ் மேரேஜ். அஞ்சு வருஷமா அப்பா அவரை ஒரு தடவைகூட மாப்பிள்ளைன்னு கூப்பிட்டதில்ல. எனக்கு எங்கம்மா குரலும் வேணும், அவரும் வேணும். இன்னைக்கு வெள்ளி ஆயிடுச்சு மேடம்."

அழுதுவிட்டாள். ஏட்டம்மா தண்ணீரை நகர்த்தி வைத்தார். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. தண்ணீர் நகர்த்துவார், அவ்வளவுதான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் ஷைலா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பின்போர்ஷன்ல வேம்புலியம்மான்னு குடியிருக்காங்க. எங்கம்மாதான் வந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறாங்கன்னு அவங்க சொல்றாங்க. நான் நம்பல. ஆனா ராத்திரி தூக்கம் வரல."

ஏட்டம்மா டிரைவ்களைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பொடி எழுத்தில் இரண்டிரண்டு தேதிகள்.

"இது யார் எழுதினது?"

"அவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்ல சி.என்.சி. மிஷினுக்கு புரோகிராம் போடுறார். எதுலயும் லேபிள் ஒட்டாம இருக்க மாட்டார். முதல் தேதி குடுத்தது, ரெண்டாவது கெட்டது."

ஏட்டம்மா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டு, பேனா மூடியால் கட்டம் கட்டமாகக் குத்தி எண்ணினார். ஏப்ரல் இரண்டு முதல் மே பன்னிரண்டு. மே பதினைந்து முதல் ஜூன் இருபத்துநாலு. ஜூன் இருபத்தேழு முதல் ஆகஸ்ட் ஆறு. எண்ணி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணும் நாப்பத்தோராவது நாள்ல செத்திருக்கு."

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கழுத்துப் பின்னால் சில்லென்றது. "மாலை போட்டுகினு விரதம் இருக்கற பேயா ஏட்டம்மா இது?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

"பதிவு எத்தனைம்மா சொன்னே?"

"நாப்பத்தொண்ணு" என்ற ஷைலா, சொல்லும்போதே வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"தினம் ஒண்ணு வரிசையா கேக்கறார். கடைசிப் பதிவு வந்ததும் டிரைவ் போயிடுது. அந்தக் கடைசியில என்ன இருக்கு?"

"தெரியாது மேடம். நான் மொத்தமே மூணுதான் கேட்டேன். அதுக்கு மேல என்னால முடியல."

நான் சிவப்பு டிரைவை ஆபீஸ் லேப்டாப்பில் சொருகி, போன ஃபைல்களைத் தேடித் தரும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் ஆகும் என்றது.

"இன்னா ஆயிருக்குன்னா ஏட்டம்மா, புஸ்தகம் அப்டியே கீது, முன்னால கீற பொருளடக்கம் கிழிஞ்சிருக்கு. எந்தப் பக்கத்துல எது கீதுன்னு மிஷினுக்குத் தெரியல. டிரைவ்ல எதையாவது எழுதிகினு இருக்கும்போது, சொல்லாம கொள்ளாம வெளிய புடுங்கினா இப்டி ஆவும்."

"எழுதும்போதா?" அவர் என்னைப் பார்த்தார். "அவர் பாட்டு கேக்கறார். கேக்கறதுக்கு எதுக்குடா எழுதணும்?"

அதானே! வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் இந்த அளவுக்குப் போகாதே. யாரோ உள்ளே எதையோ எழுதியிருக்கிறார்கள். யாரோ நடுவில் பிடுங்கியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது. ஷைலா எதிரில் இருந்ததால் அதைச் சொல்லவில்லை.

"கிளம்பு" என்றார் ஏட்டம்மா.

"ஸ்கேன் ஓடிகினு கீதே!"

"ஓடட்டும். நீயும் ஓடு."

திறந்த லேப்டாப்பை இரண்டு கையால் ஏந்திக்கொண்டு மின்சார ரயிலில் போனவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டிரைவ் ஒரு ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது இடித்தால் ஞானகுமாரி அம்மாள் இன்னொரு தடவை சாவார். பட்டரவாக்கத்தில் ஏறிய கும்பலைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் ஒரு பூக்கார அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "இன்னா படம்பா ஓடுது?" என்று எட்டிப் பார்த்தாள்.

"பேய்ப் படம்க்கா. இன்னும் பேய் வரல."

சேக்காட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். முன்போர்ஷன் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பா மூன்று மணி ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் தட்டினால் பிடிக்காது என்றாள் ஷைலா. பக்கத்துச் சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் எங்களைப் பார்த்ததும் ஈரப் புடவையைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"போலீஸா? நல்லதாப் போச்சு. எழுதிக்கோ நைனா, நான் சொல்றேன்."

"நீங்க இன்னா பாத்தீங்கக்கா?"

"பாக்கறதா? நான் இந்த ஊட்டுக்குக் குடி வந்தது தீபாவளிக்கு. அந்தம்மா மொகத்தக்கூட நான் பாத்தது கெடையாது. குரலத்தான் கேட்டுகினு கீறேன். தெனமும் மூணு மணிக்குமேல இந்தக் கதவு சாத்தியிருக்கும். உள்ள அந்தம்மா பேசும். பேசினா பதில் வருது! ஆம்பள குரல். ஒரு நாளு சிரிக்குது, ஒரு நாளு அழுவுது. அதாவது பரவால்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சங்கு ஊதுது."

"எந்தச் சங்கு?" என்றார் ஏட்டம்மா.

"தொழிற்சாலைச் சங்குதான். வேலை விடற சங்கு. அது நின்னு ஏழு மாசம் ஆச்சுல்ல? பொங்கலோட நிறுத்திட்டானுங்க, இப்போ கேட்டுல கார்டு போட்டா ஆச்சு. நின்னுபோன சங்கு இந்த ஊட்டுக்குள்ள ஊதுதுன்னா அதுக்கு இன்னா அர்த்தம்? மூணு தபா கேட்டுட்டேன். கடைசியா புதன்கெழமை. ஊதுச்சு, அவ்ளோதான், பாட்டு பொட்டுன்னு நின்னுபோச்சு. ஆடி மாசம் வேற."

புதன்கிழமை, ஆகஸ்ட் ஆறு. சிவப்பு டிரைவ் செத்த நாள். நான் லேப்டாப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் குளிர்ந்தது. ஏட்டம்மா முகத்தில் பயம் இல்லை. கணக்கு போடுகிற முகம் அது.

கதவு திறந்தது. அந்தோணிராஜ் நின்றார். ஒல்லியான ஆள். வீட்டில்கூடச் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டிருந்தார். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து வந்து ஆவடித் தொழிற்சாலையில் லேத் பிடித்தவர். உள்ளே சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. அந்தந்த ஸ்பானரின் உருவம் சுவரிலேயே பெயின்ட்டில் வரைந்திருந்தது, இடம் மாறக்கூடாதாம். பீரோ மேல் மாலை போட்ட படத்தில் ஞானகுமாரி அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு நேராக மேசை. மேசையில் பழைய லேப்டாப்பும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியும்.

"ஏட்டி ஷைலா, இதுக்குப் போயி துப்பறியிற ஆளா? குடுத்தது அவன். கெட்டது மூணு. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார்.

அந்த 'அவன்' அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜெர்வின், முப்பது வயது, எண்ணெய்க் கறை படிந்த கம்பெனிச் சட்டை. மாமனார் சொன்னது காதில் விழுந்தும் விழாததுபோல் ஓரமாக வந்து நின்றான்.

லேப்டாப்பின் விளிம்பில் ஒரு பிளாஸ்திரி. 'எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று பதில் வந்த பிறகே டிரைவை எடுக்கவும்.'

"பாத்தீங்களா? எனக்கே நோட்டீஸ் ஒட்டுதான்" என்றார் அந்தோணிராஜ். "லேத்துல முப்பத்துநாலு வருஷம். என் கையில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். எனக்குப் பத்திரம் சொல்லித் தாரானாம்."

"நோட்டீஸ்ல சொன்னபடி செய்யறீங்களா அய்யா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சுருக்கென்றது. என் சட்டைப் பையிலிருந்த காலி டிரைவை வாங்கிச் சொருகினார். திரையில் கீழே மூலையில் இருந்த சின்னப் படத்தைத் தட்டினார். எஜெக்ட் கொடுத்தார். 'இப்போது எடுக்கலாம்' என்று பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு இரண்டு விரலால் மெதுவாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் இருந்த கடையில் ஒருத்தன்கூட இவ்வளவு ஒழுங்காக எடுத்ததில்லை.

சரி, இவர் இல்லை. நான் ஜெர்வின் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, நாப்பத்தோராவது பதிவுல இன்னா கீது?"

"தெரியாது சார்."

"நீதானே ஏத்தினே?"

"ஏத்தினேன். கேக்கல." தரையைப் பார்த்துச் சொன்னான். காது இரண்டும் சிவந்துவிட்டது. பச்சைப் பொய்.

"ஆள் அம்புட்டான் ஏட்டம்மா" என்று கிசுகிசுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவேயில்லை. அந்தோணிராஜுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அய்யா, மூணு மணிக்குமேல கதவைச் சாத்திட்டு அம்மா குரலைக் கேக்கறீங்க. கேக்க மட்டுமா செய்யறீங்க?"

பெரியவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்த லேப்டாப் 'டிங்' என்றது. ஸ்கேன் முடிந்துவிட்டது.

வரிசையாக வந்து விழுந்தன. அம்மாளின் நாற்பத்தொரு பதிவுகளும் முழுசாக இருந்தன. பூரிப்பில் கத்தப் போனவன் நிறுத்தினேன். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் நாற்பத்தொரு ஃபைல்கள். ரெக்கார்டிங் ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பதுவரை நல்ல கனம். நாற்பத்தொன்றுக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை, பூஜ்யம். எழுதி முடிப்பதற்குள் பிடுங்கப்பட்டது அதுதான்.

நடுவிலிருந்து ஒன்றைத் தட்டினேன்.

'புளி நெல்லிக்கா அளவு போதும் ஷைலா, ஒங்கப்பாவுக்குப் புளிப்பு ஆகாது' என்றது பெண் குரல். உடனே, பக்கத்திலிருந்து கேட்பதுபோல ஓர் ஆண் குரல்: 'ஆகும்ளா. நீ வச்சா ஆகும். நான் சும்மா சொல்லுவேன், நீ நம்பிருவ.' அப்புறம் ஒரு விசும்பல்.

ஷைலா அப்பாவைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்தார்.

"அவ பேசிக்கிட்டே இருக்கா" என்றார் அந்தோணிராஜ், மெல்ல. "பதில் சொல்ல வேணாமா? படுத்த படுக்கையா கெடந்தப்போ நான் ஒரு நாள் லீவு போடலை. மருந்துக்கு, மாத்திரைக்குன்னு ஓவர்டைம் பாத்தேன். பக்கத்துல ஒக்காந்து பேசலை. அதான், அவ குரல் இருக்கிற டிரைவ்லயே ரெக்கார்டரை ஓடவிட்டுட்டு இப்போ பேசுதேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கிடுங்க."

யார் சிரிப்பது? வேம்புலியம்மாளின் பேய் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"எழுதினது அய்யா. ஒத்துக்கறேன்" என்றேன். "ஆனா இவரு கரீக்டா எஜெக்ட் பண்ணித்தானே எடுக்கறாரு? நடுவுல புடுங்கினது யாரு?"

"நாப்பத்தொண்ணைப் போடு" என்றார் ஏட்டம்மா.

"வேணாம் மேடம்!"

ஜெர்வின்தான். அன்றைக்கு அவன் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" அந்தோணிராஜ் எழுந்தேவிட்டார். "இவனுக்கு என்னமோ தெரியும். அதுல என்னமோ இருக்கு, அதான் அழிக்கான். எம் பொஞ்சாதி குரலை அழிக்க ஒனக்கு எப்படில மனசு வந்துது?"

ஜெர்வினுக்குக் கண் மட்டும் கலங்கியது.

"உக்காருங்க அய்யா" என்றார் ஏட்டம்மா. ஏட்டாக இருந்த காலத்துக் குரல், பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "தினமும் செய்யற மாதிரியே செய்யுங்க. சுலைமான், உன் காலி டிரைவ்ல அந்த ஒரு பதிவைக் காப்பி பண்ணிக் குடு. ஒரிஜினல் உன் மடியிலேயே இருக்கட்டும்."

காப்பி எடுத்து, முறையாக எஜெக்ட் கொடுத்து, அவரிடம் நீட்டினேன். ஏட்டம்மா முன்னால் நான் வேறு எப்படி எடுப்பேன்? அவர் சொருகினார். ரெக்கார்டரை ஓடவிட்டார். நாற்பத்தொன்றைத் தட்டினார்.

மாதா பாட்டு. மூச்சு வாங்க வாங்க ஒரு குரல் பாடியது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நின்று, நெஞ்சைச் சரிசெய்துகொண்டு, மறுபடி தொடங்கியது. அந்தோணிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடும் கூடவே அசைந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும்.

அப்போது சங்கு ஊதியது.

ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து, தூரத்தில், சன்னமாக, ஏறிக்கொண்டே போகும் சங்கு. பின்னால் ஜன்னலிலிருந்து வேம்புலியம்மாள் "ஐயோ" என்று அலறியது கேட்டது.

அந்தோணிராஜின் வலது கை மேசைக்குப் போனது. டிரைவைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கியது. இடது கை லேப்டாப்பை மூடியது. எழுந்தார். சுவிட்ச் போர்டில் டக், டக், டக். மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. கொடியில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். கண்ணில் அவசரமில்லை, யோசனையில்லை. மூச்சு விடுவதுபோலச் செய்தார்.

"என்ன, எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கீங்க?" என்றார்.

ஏட்டம்மா அவர் கையைக் காட்டினார். மஞ்சள் துணிக்குள் என் டிரைவ் இருந்தது.

"அய்யா, சங்கு நின்னு ஏழு மாசம் ஆச்சு. இப்போ ஊதினது அம்மாவோட பதிவுக்குள்ள. அவங்க பாடிக்கிட்டு இருந்தப்போ ஊதின சங்கு, அப்படியே பதிஞ்சிருக்கு."

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிந்தன்னு ஒருத்தன்" என்றார் கடைசியில். "பக்கத்து லேத். சங்கு ஊதிட்டுன்னு மிஷினை ஓடவிட்டுட்டே திரும்பிப் பேசினான். மூணு விரல் போச்சு. அன்னையிலேர்ந்து சங்கு ஊதினா மொதல்ல கரண்ட்டு. கையில என்ன இருந்தாலும் மொதல்ல நிறுத்திரணும். யாருட்டயும் கேக்கக் கூடாது. அதான் பத்திரம்." குரல் உடைந்தது. "நானா? மூணு தடவையும் நானேவா அவ பேச்சை அறுத்தேன்?"

ஷைலா ஓடிப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெர்வினை ஒரு மணி நேரமாகத் திருடனாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே! லேத்துக்கு எது பத்திரமோ அதுவே இதற்கு எமன் என்று அந்த மனுஷருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சொன்னவன் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தான். அதன்படிதான் அவர் தினமும் செய்தார், சங்கு ஊதும்வரை.

ஏட்டம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"மூணு தடவையும் இதே இடத்துலதான் நிறுத்தியிருக்கீங்க அய்யா. சங்குக்கு அப்புறம் அம்மா என்ன பேசினாங்கன்னு நீங்க கேட்டதே இல்ல."

"மேடம், வேணாம்" என்றான் ஜெர்வின். கெஞ்சினான். "நான் அத்தைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அவங்க குரலை அழிக்க மனசு வராமத்தான் இதையும் ஏத்திட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. அவங்களே சொல்லட்டும். நீங்க அவர் கையை மட்டும் பிடிச்சுக்குங்க."

ஜெர்வின் தயங்கித் தயங்கி வந்து, மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெரியவர் உதறவில்லை. நான் என் மடியிலிருந்த லேப்டாப்பில் நாற்பத்தொன்றைப் போட்டேன்.

பாட்டு. மூச்சு. பாட்டு. சங்கு.

கை வெடுக்கென்று துள்ளியது. ஜெர்வின் விடவில்லை. சங்கு ஏறி, நின்று, இறங்கி, தேய்ந்து போனது. அந்தப் பக்கம் ஒரு பெரிய பெருமூச்சு.

'சங்கு ஊதிட்டு. போதும் ஜெர்வின், போனைக் கீழ வைப்பா. கை வலிக்கும். மாமா இருபது நிமிஷத்துல வந்துருவாரு. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வச்சுரு. படுக்கைத் துணியை மாடியில காயப் போடு, கீழ போட்டா கண்டுபிடிச்சுருவாரு. நைட் ஷிஃப்ட்டு பாத்துட்டுப் பகல்ல தூங்காம என்னைத் தூக்கி, கழுவி… பெத்த புள்ள செய்வானான்னு தெரியல.' இருமல். 'அவருட்ட சொல்லிராத. ஷைலாட்டயும் வேணாம், அவ அப்பாட்ட ஒளறிருவா. தான் பக்கத்துல இல்லையேன்னு அந்த மனுஷன் ஒடைஞ்சு போயிருவாரு. சத்தியம் பண்ணு.'

'சத்தியம் அத்தை.' ஜெர்வினின் குரல். 'மாமாவுக்குப் பால் வாங்கி வச்சுட்டேன். நான் மேல போறேன்.'

பதிவு முடிந்தது.

ஷைலா புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன், அது அவர்களுடையது. பகலெல்லாம் அவன் மாடியில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தவள் அவள். சந்துப் பக்க ஜன்னலில் வேம்புலியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அந்தோணிராஜ் மட்டும் அசையவில்லை. அவர் கை இன்னும் ஜெர்வின் கைகளுக்குள்தான் இருந்தது.

"அன்னைக்குப் பால் வாங்கி வச்சது அவன்னு நான் நெனைக்கல" என்றார் யாரிடமோ. பிறகு குனிந்து, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்பிள்ள."

ஜெர்வின் நிமிர்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை மாலையை நீங்க போடுங்க. நான் பின்னால நிக்கேன்."

அவன் தலையை ஆட்டினான். ஏட்டம்மா வழக்கம்போலத் தண்ணீர்ச் சொம்பைத் தேடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாப் பதிவுகளையும் மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். ஷைலா போனில் ஒன்று, ஜெர்வினுக்கு ஒன்று, பெரியவருக்குப் புதிதாக ஒரு டிரைவில். அவருடைய பதில்களையும் சேர்த்தேதான். காப்பி முடிந்ததும் பழக்க தோஷத்தில் நான் டிரைவைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இருங்க தம்பி" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார் அந்தோணிராஜ். "மொதல்ல கேளுங்க. பதில் வரட்டும்."

எஜெக்ட் கொடுத்தேன். ஐந்து பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.